பெருந்தொற்றுக் காலத்தில் நம் குடியிருப்புக்கு நாமே செய்தி சொல்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் தனி அறையில் இருங்கள். மற்றவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்." 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்த நாட்களில் உலகம் முழுக்க ஒலித்த அறிவுரை இதுதான். மூன்று வாக்கியமும் சரியானவைதான். ஆனால் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? நாளுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் வரும் குழாயடியில் நிற்பவர் எத்தனை முறை கை கழுவுவார்? பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே கழிப்பறை இருக்கும் சந்தில் எங்கே போய் விலகி நிற்பது?

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், ஃபவேலா என்று அழைக்கப்படும் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில் இந்தக் கேள்வி அந்த மாதமே எழுந்தது. அங்கே அலெமாவ் பகுதியில் 'வோஸ் தாஸ் கொமுனிதாதெஸ்' என்ற உள்ளூர் செய்தி இதழ் இருந்தது. 2005இல் ரெனே சில்வா என்ற 11 வயதுச் சிறுவன் தொடங்கியது அது. இந்த இதழும் அந்தப் பகுதியின் வேறு இரண்டு குழுக்களும் சேர்ந்து ஒரு நெருக்கடிக்காலக் குழுவை அமைத்தன. பேனர் கட்டினார்கள், ஒலிபெருக்கி வண்டி ஓட்டினார்கள், சோப்பும் உணவுப் பொருளும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தண்ணீர் வரவில்லை என்பதையும் வெளியே கேட்கும்படி சொன்னார்கள். அந்தக் கடைசி வேலையை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். குடியிருப்பு ஊடகத்தின் வழியே செய்தி இரண்டு திசையிலும் போக வேண்டும்: மருத்துவர் சொல்வது சந்துக்குள் வர வேண்டும், சந்தில் எது நடக்காது என்பது மருத்துவரிடமும் அதிகாரிகளிடமும் போய்ச் சேர வேண்டும்.

கையில் பணம் அதிகம் இல்லாத, ஆனால் தங்கள் தெருவை நன்றாக அறிந்த நாலைந்து பேருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஆட்களைச் சேர்ப்பது

கேமராவோ மைக்கோ தேடுவதற்கு முன் ஆட்களைத் தேடுங்கள். ஐந்து முதல் ஏழு பேர் போதும். அவர்கள் எல்லாரும் ஒரே நண்பர் கூட்டமாக இருக்கக் கூடாது. குடியிருப்பின் வெவ்வேறு மூலையிலிருந்து வர வேண்டும். பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். குடியிருப்பில் இரண்டு மூன்று மொழி பேசப்பட்டால் ஒவ்வொரு மொழிக்கும் ஒருவர். காது கேளாதவர், பார்வையற்றவர் வீடுகளுக்கு எப்படிச் செய்தி போகும் என்று யோசிக்க அவர்களில் ஒருவரையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தாறு பேருக்குக் கீழே சந்துவாரியாகப் பொறுப்பாளர்கள் வேண்டும். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்தின் பராய்சோபொலிஸ் குடியிருப்பில் 2020இல் இதை அழகாகச் செய்தார்கள். சுமார் 50 வீட்டுக்கு ஒரு 'தெருத் தலைவர்' என்று 400க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை நியமித்தார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் உணவு இல்லை, யாரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அந்தத் தெருத் தலைவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் தொடங்கும்போது 50 வீட்டுக்கு ஒருவர் கிடைக்காமல் போகலாம். 100 வீட்டுக்கு ஒருவர் கிடைத்தாலும் தொடங்கிவிடுங்கள்.

இன்னொருவர் கட்டாயம் வேண்டும்: கேள்வி கேட்டால் போன் எடுக்கும் ஒரு மருத்துவரோ செவிலியரோ. பெரிய பட்டம் பெற்றவர் தேவையில்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் செவிலியர், நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கேள்விகளை அவ்வப்போது அனுப்பித் தொல்லை கொடுக்காமல், சேர்த்துவைத்து ஒரே நேரத்தில் கேளுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சொல்வதற்கு முன் கேட்பது

முதல் மூன்று நாள் எதையும் வெளியிட வேண்டாம். நடந்து போய்க் கேளுங்கள். நான்கு கேள்விகள் போதும். இந்த நோயைப் பற்றி இந்த வாரம் என்ன கேள்விப்பட்டீர்கள்? யார் சொன்னார்கள்? அவர்கள் சொன்னதில் உங்களால் செய்ய முடியாதது எது? உடம்பு சரியில்லை என்றால் முதலில் யாரிடம் போவீர்கள்?

நான்காவது கேள்விக்கு வரும் பதிலைக் குறிப்பாகக் கவனியுங்கள். மருந்துக்கடைக்காரர், பிரசவம் பார்க்கும் பாட்டி, கோயில் அல்லது பள்ளிவாசல் பெரியவர், குழாயடியில் எல்லாருக்கும் யோசனை சொல்லும் ஒரு பெண் என்று பெயர்கள் வரும். ஒரே பெயர் ஐந்து வீட்டில் வந்தால் உங்கள் செய்தி முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அவரைத் தாண்டிப் போனால் அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் உங்கள் பேனர் எடுபடாது.

பிறகு ஒரு பெரிய தாளில் குடியிருப்பின் வரைபடம் போடுங்கள். குழாய்கள், கழிப்பறைகள், ஆட்கள் கூடும் திருப்பங்கள், போன் சிக்னல் கிடைக்காத மூலைகள், தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகள், போனே இல்லாத வீடுகள். கடைசி இரண்டையும் மட்டும் வெளியாருக்குக் காட்டாதீர்கள். வீட்டில் ஒரு போன் இருந்தாலும் பகலில் அது வேலைக்குப் போனவர் பையில் இருக்கும். அதனால் 'எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது' என்ற கணக்கை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: சரிபார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். ஒரு தவறான செய்தியால் போகும் நம்பிக்கை இருபது சரியான செய்தியால்கூடத் திரும்பி வராது.

ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் செய்தியும் இரண்டு பேர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். நள்ளிரவு என்றாலும் இதே விதிதான். சரிபார்ப்பவர் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது? 'ஒரு பெரிய டாக்டர் சொன்னார்' என்பது மூலம் ஆகாது. அந்த அறிவிப்பு வெளியான இடத்துக்கே போய்ப் பாருங்கள். அரசு உத்தரவு என்று வரும் படம் அரசின் தளத்தில் இருக்கிறதா? அங்கே இல்லையென்றால் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

என்றைக்கு வந்தது? பெருந்தொற்றில் நேற்றைய உண்மை இன்று மாறிவிடலாம். மாஸ்க் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உடம்பு நன்றாக இருக்கும் பொதுமக்கள் அதை அணியத் தேவையில்லை என்றது உலக சுகாதார நிறுவனம். 2020 ஜூன் 5 அன்று, தொற்று பரவலாக இருக்கும் இடங்களில் துணி மாஸ்க் அணியலாம் என்று வழிகாட்டுதலை மாற்றியது. ஏப்ரல் மாதப் படத்தை ஜூலையில் ஒருவர் ஃபார்வர்டு செய்தால் அது பொய்யாகவே வேலை செய்யும். அதனால் உங்கள் பேனர், குரல்பதிவு, சுவரொட்டி எல்லாவற்றிலும் தேதி இருக்கட்டும். குரல்பதிவின் முதல் வாக்கியமே தேதியாக இருந்தால் நல்லது.

எவ்வளவு உறுதி? 'நிச்சயம் தெரியும்', 'இப்போதைக்கு இப்படி நினைக்கிறார்கள், மாறலாம்', 'யாருக்கும் இன்னும் தெரியாது' என்று மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லுங்கள். மூன்றாவது வகையைச் சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படவே வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று முதல் வாரமே சொன்னவர் மூன்றாம் மாதம் சொல்லும் செய்தியை ஜனங்கள் நம்புவார்கள்.

தவறு நடந்துவிட்டால்? தவறான செய்தி எந்த வழியில் போனதோ அதே வழியில், அதே சத்தத்தில் திருத்தம் போக வேண்டும். 'நேற்று நாங்கள் முகாம் 9 மணிக்கு என்று சொன்னோம். அது தவறு. 11 மணிக்குத்தான். அலைய வைத்ததற்கு மன்னியுங்கள்.' இவ்வளவுதான். பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் அதைப் பார்த்தவர்கள் தவறோடே இருப்பார்கள்.

நான்காம் படி: செய்யக்கூடியதாக மாற்றுவது

எனக்கு இந்த வேலையின் இதயமே இதுதான். ஒவ்வொரு அறிவுரையையும் கையில் எடுத்து, 'நம் சந்தில் இருப்பதிலேயே மிகச் சின்ன வீட்டில் இதை எப்படிச் செய்வார்கள்?' என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு செவிலியரிடம் காட்டி, சரி என்றால் வெளியிடுங்கள்.

தனி அறை இல்லாத வீட்டில் நோயாளி. ஜன்னல் அல்லது கதவுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம். வெளிக்காற்று உள்ளே வந்து வெளியேறும்படி எதிரெதிர்ப் பக்கம் இரண்டு திறப்பு இருந்தால் இரண்டையும் திறந்து வையுங்கள். மற்றவர்கள் படுக்கும்போது தலையை எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் ஒரே ஒருவராக, முதியவராக இல்லாமல் இருக்க வேண்டும். இருவருக்கும் மாஸ்க். பொதுக் கழிப்பறைக்குக் கூட்டம் இல்லாத நேரத்தில் போய், வந்த பிறகு கதவைச் சற்று நேரம் திறந்து வைக்க வேண்டும். சில வீடுகளில் நோயாளியை நகர்த்துவதைவிட, தொற்று இல்லாத வயதானவரை உறவினர் வீட்டுக்குச் சில நாள் அனுப்புவது எளிதாக இருக்கும். அவர் ஏற்கெனவே தொற்றோடு போய்விடக் கூடாது என்பதால் செவிலியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பராய்சோபொலிஸில் மூடிக் கிடந்த பள்ளிக் கட்டடங்களைத் தனிமைப்படுத்தும் இடமாக மாற்றினார்கள். அப்படி ஓர் இடம் கேட்டு வாங்குவதும் உங்கள் ஊடகத்தின் வேலைதான்.

தண்ணீர் இல்லாத இடத்தில் கை கழுவுவது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் சிறு துளை போட்டுத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, பாட்டிலை அழுத்தினால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வரும். கையில் தேய்க்கும் 20 விநாடியும் தண்ணீர் ஓட வேண்டிய அவசியம் இல்லை; நனைக்கவும் கடைசியில் அலசவும் மட்டும் போதும். சோப்புக் கட்டி வாங்க முடியாத இடத்தில் சோப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்து வைக்கலாம். எத்தனை தடவை கழுவ வேண்டும் என்று பட்டியல் போடுவதைவிட, தண்ணீர் குறைவாக இருந்தால் எந்த நேரத்தில் கட்டாயம் கழுவ வேண்டும் என்று சொல்லுங்கள்: சமைக்கும் முன், சாப்பிடும் முன், கழிப்பறை போய் வந்த பின், நோயாளியைத் தொட்ட பின், வெளியே போய் வந்ததும்.

கிருமி போகத் துடைக்கும் பிளீச்சிங் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 5 சதவீதத் திரவம் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அதாவது ஒரு லிட்டர் கரைசலுக்கு 20 மில்லி. பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே பயன்படுத்த வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். உடம்பில் தெளிக்கவோ குடிக்கவோ கூடாது. இவ்வளவையும் சொல்ல இடமில்லாத பேனரில் பிளீச்சிங் என்ற வார்த்தையே வேண்டாம். கோவிட் பெரும்பாலும் காற்றின் வழியே பரவியது, பொருள்களின் வழியே மிகக் குறைவு என்பது 2021க்குள் தெளிவாகிவிட்டது. அதனால் மூச்சு வழி பரவும் நோய் என்றால் இடம் குறைவான பேனரில் முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் மேல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாதது, நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம், குழப்பமாகப் பேசுவது, எழுப்பினாலும் விழிக்காதது, உதடு நீலம் பாய்வது. கறுத்த தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்தால் 90 சதவீதத்துக்குக் கீழே என்பது அவசரம், 90 முதல் 94 வரை என்றால் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். கறுத்த தோலில் அந்தக் கருவி உண்மையைவிடச் சற்று உயர்வாகக் காட்டக்கூடும் என்பதால், எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும். கோவிட்டில் பலருக்கும் முதல் வாரம் சாதாரணமாகப் போய் அதன் பிறகே மோசமானது. 'ஐந்து நாள் ஆச்சு, சரியாகிவிடும்' என்று காத்திருந்து உயிர் போன வீடுகள் எத்தனையோ. புது நோய் வரும்போது அதன் ஆபத்து அறிகுறிகளைச் செவிலியரிடம் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய பட்டியலை அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

எழுதி முடித்ததும் மூன்று பேரிடம் படித்துக் காட்டுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் 'ம்' என்பார்கள். 'இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது நீங்கள் எழுதியதோடு பொருந்தவில்லையென்றால் எழுதியதில்தான் கோளாறு, அவர்களிடம் இல்லை. 'அறிகுறியற்ற', 'தனிமைப்படுத்தல்' மாதிரியான வார்த்தைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் விழும். 'காய்ச்சல் இருமல் எதுவும் இல்லாமலேயே ஒருவரிடம் நோய் இருக்கலாம்' என்று நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை.

ஐந்தாம் படி: வழியைத் தேர்ந்தெடுப்பது

எல்லா வழியும் வேண்டாம். வரைபடத்தைப் பார்த்து இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். மாலை 6 மணிக்கு அந்தக் குரல் வரும் என்று வீடுகள் பழகிவிட்டால், அவசரச் செய்தி சொல்ல வேண்டிய நாளில் காதுகள் தயாராக இருக்கும்.

ஒலிபெருக்கி வண்டிக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நிமிடத்தில் சுமார் 165 மீட்டரைக் கடந்துவிடும். ஒரு வீட்டுக்குத் தெளிவாகக் கேட்பது முன்னும் பின்னுமாக 50 மீட்டர்தான் என்றால் அந்த வீட்டுக்குக் கிடைப்பது 35 விநாடி. ஆகவே செய்தி 15 விநாடிக்குள் முடிந்து, மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு நிமிட உரையை ஓட்டிக்கொண்டு போனால் எந்த வீட்டுக்கும் முழுச்செய்தி போய்ச் சேராது. நீளமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் திருப்பங்களில் வண்டியை நிறுத்துங்கள். குரல் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்ததாக இருக்கட்டும். மிரட்டும் தொனி வேண்டாம். போலீஸ் வண்டி என்று நினைத்துக் கதவை மூடிவிடுவார்கள்.

பேனர் என்றால் ஏழெட்டு வார்த்தை, ஒரு செய்தி, தேதி. குழாயடி, கழிப்பறை வரிசை போன்று ஆட்கள் காத்து நிற்கும் இடத்தில் கட்டுங்கள். கென்யத் தலைநகர் நைரோபியின் மத்தாரே குடியிருப்பில் 2020இல் உள்ளூர் இளைஞர்கள் சுவர்களில் பெரிய ஓவியங்களாகவே கொரோனா எச்சரிக்கையைத் தீட்டினார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் ஓவியம் புரியும். மாறாத செய்திக்குச் சுவர் நல்லது. மாறும் செய்திக்குக் கரும்பலகை.

வாட்ஸ்அப்பில் எழுத்தைவிடக் குரல்பதிவு நன்றாகப் போகும். ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குழு தொடங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். பெண்கள் தயங்குவதற்கு அது நியாயமான காரணம். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். எனவே வீடுவீடாகப் போகும்போதே எண்ணைச் சேமிக்க வைத்துவிடுங்கள்.

பக்கத்தில் சமுதாய வானொலி இருந்தால் தினம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நைரோபியின் கிபேரா குடியிருப்புக்குப் பமோஜா எஃப்எம் என்ற சொந்த வானொலியே இருக்கிறது. நேயர்கள் போன் செய்து கேட்கும் கேள்விக்கு நேரலையில் செவிலியர் பதில் சொல்வது, பத்து அறிவிப்புக்குச் சமம். இணையமே இல்லாத இடங்களுக்குச் சாதாரண போனில் கூப்பிட்டுச் செய்தியைக் கேட்கவும் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்யலாம். மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்வழிச் செய்திச் சேவை 2010லிருந்து இப்படி இயங்கியது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நல்ல போன், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, பெயின்ட், கெட்டி அட்டை போட்ட நோட்டு. மற்றதெல்லாம் பிறகு வரட்டும்.

ஆறாம் படி: வதந்தியை எதிர்கொள்வது

2014 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, நைஜீரியாவில் உப்புத் தண்ணீர் குடித்தால் நோய் வராது என்ற வதந்தி போனில் பரவியது. அதிகமாக உப்பு நீர் குடித்து உயிர்கள் போயின. 2020இல் ஈரானில் சாராயம் கொரோனாவைக் கொல்லும் என்று நம்பி, விஷமான மெத்தனாலைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நோய் எட்டாத வீட்டையும் வதந்தி எட்டிவிடும்.

ஒரு வதந்தி நோட்டு போடுங்கள். தேதி, எந்தச் சந்து, அவர்கள் சொன்ன வார்த்தை அப்படியே, எத்தனை பேர் சொன்னார்கள், நாம் எப்போது பதில் சொன்னோம். ஒரே வீட்டில் கேட்டதற்கெல்லாம் ஒலிபெருக்கியில் பதில் சொல்ல வேண்டாம். அதுவரை கேள்விப்படாதவருக்கும் நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாகிவிடும். அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினால் போதும். மூன்று நான்கு சந்தில் ஒரே பேச்சு கிளம்பினாலோ, உடம்புக்குக் கேடு செய்யும் பேச்சாக இருந்தாலோ உடனே பொதுவில் பதில் போக வேண்டும்.

பதிலை உண்மையில் தொடங்கி உண்மையில் முடியுங்கள். 'உப்பு நீர் இந்த நோயைத் தடுக்காது. அதிகம் குடித்தால் உயிருக்கு ஆபத்து. தடுக்கும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, அது தவறு. காய்ச்சல் வந்தால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.' சொன்னவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் தன் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அதைக் கேட்டுச் சொல்லியிருப்பார்.

வதந்திக்குள் இருக்கும் பயத்தையும் பாருங்கள். 'ஆஸ்பத்திரிக்குப் போனால் உடலைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்' என்ற பேச்சில் பொய்யோடு ஓர் உண்மையான துக்கமும் இருக்கலாம். எபோலா காலத்தில் பாதுகாப்பு என்ற பெயரில் முகம்கூடக் காட்டாமல் உடல்களை எடுத்துப்போனபோது குடும்பங்கள் நோயாளிகளை மறைக்கத் தொடங்கின. 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் சமயப் பெரியவர்களோடு பேசி, பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் அடக்கம் செய்யும் முறையை வெளியிட்டது. மறுப்பு அறிக்கை மட்டும் அந்தப் பயத்தைத் தீர்த்திருக்காது. நடைமுறையே மாற வேண்டியிருந்தது. உங்கள் நோட்டில் அப்படி ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஏழாம் படி: பெயரையும் முகத்தையும் காப்பது

நோய் வந்தவர் பெயர், வீட்டு அடையாளம், படம் எதையும் வெளியிடக் கூடாது. 'மூன்றாம் சந்தில் ஒருவருக்கு' என்று சொன்னாலே போதும், அரை மணி நேரத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டுப் பெண் குழாயடிக்கு வர முடியாது, வேலைக்குப் போகிறவரை வேண்டாம் என்பார்கள், அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தால் வாயே திறக்க மாட்டார்கள். எண்ணிக்கை சொல்லும்போது குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குணமானவர் தானாக முன்வந்து பேசினால் அதைவிட நல்ல செய்தி இல்லை. பேசி முடித்ததும் அவருக்கே போட்டுக் காட்டி, மறுநாள் ஒருமுறை கேட்டுவிட்டு வெளியிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உதவிப் பொருள் வாங்குபவர் கையில் பொட்டலத்தோடு நிற்கும் படமும் வேண்டாம். பொருள் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி தேவையென்றால் பொட்டலங்களை மட்டும் படம் எடுங்கள்.

எட்டாம் படி: மேலே கொண்டுபோவது

ரியோவில் ஃபவேலாக்காரர்கள் பலருடைய நோயும் மரணமும் பக்கத்து நகர்ப்பகுதியின் கணக்கில் பதிவாகின. காகிதத்தில் பார்த்தால் ஃபவேலாவில் பிரச்சினையே குறைவு. அதனால் 'வோஸ் தாஸ் கொமுனிதாதெஸ்' போன்றவை ஃபவேலாவாரியாகத் தாங்களே எண்ணி வெளியிட்டன. 2020 ஜூனில் பிரேசிலின் சுகாதார அமைச்சகமே மொத்த எண்ணிக்கையைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, நீதிமன்றம் சொன்ன பிறகு திரும்பப் போட்டது. அதனால் அரசு அறிவிப்புகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் பழக்கம் நல்லது.

நீங்கள் எண்ணும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்: பரிசோதனையில் உறுதியானவர்களா, அறிகுறி உள்ளவர்களா? இரண்டையும் கலந்தால் ஒரே நாளில் உங்கள் கணக்கை ஒதுக்கிவிடுவார்கள்.

எண்களை விடவும் பலன் தருவது, கேட்பதைக் குறிப்பாகக் கேட்பது. 'தண்ணீர்ப் பிரச்சினையைத் தீருங்கள்' என்ற கோரிக்கைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'வடக்குப் பக்கக் குழாய் ஆறு நாளாக வரவில்லை, 120 வீடு, நாளைக்குள் லாரி வேண்டும்' என்றால் ஒருவர் ஆமாம் அல்லது இல்லை என்றாவது சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை மாலைச் செய்தியில் அப்படியே படியுங்கள். பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்று படியுங்கள். லாரி வந்தால் நன்றி சொல்லுங்கள்.

கட்டாயத்தால் மட்டும் எதுவும் நடக்காது என்பதற்கு லைபீரியாவின் மன்ரோவியாவில் இருக்கும் வெஸ்ட் பாயின்ட் குடியிருப்பைப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் 20 அன்று எபோலாவைத் தடுக்கப் படைகளை வைத்து அந்தக் குடியிருப்பையே அடைத்தார்கள். மோதல் வெடித்தது, ஒரு சிறுவன் உயிர் போனது, பத்து நாளில் அடைப்பை விலக்க வேண்டியதாயிற்று. உங்கள் பகுதியை அடைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் உணவு, தண்ணீர், மருந்து, கழிப்பறை, பிரசவம் ஆகிய ஐந்துக்கும் என்ன ஏற்பாடு என்று அன்றே எழுத்தில் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: குழுவைக் காப்பது

தன்னார்வலர் நோயாளி வீட்டுக்குள் போக வேண்டாம். வாசலில் நின்று, மாஸ்க் போட்டு, திறந்தவெளியில் பேசினால் போதும். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் முழு ஓய்வு, அன்று போனும் இன்னொருவரிடம். தன் தெருவிலேயே மரணத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்தியாகவும் படிப்பவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் உடைந்துபோவார்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசாமல் அவரவர் எப்படி இருக்கிறார் என்று பேசுங்கள்.

பணம்: டேட்டா செலவு, பெயின்ட், வண்டி வாடகை. சிறு தொகையாகப் பலரிடம் வாங்குங்கள். மருந்து, சத்துப்பொடி விற்பவரிடமும் தேர்தலில் நிற்பவரிடமும் வாங்க வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்று மாதம் ஒருமுறை கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

பத்தாம் படி: அலை ஓய்ந்த பிறகு

கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5 அன்று. அதற்கு வெகு முன்பே பல குழுக்கள் கலைந்துவிட்டன. உங்கள் மாலைச் செய்தியை நிறுத்தாமல் வாரம் ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி முகாம், கொசுக் காய்ச்சல், காசநோய்ப் பரிசோதனை என்று சொல்ல வேண்டியது இருந்துகொண்டேதான் இருக்கும்.

வதந்தி நோட்டு, வரைபடம், சோதித்துப் பார்த்து எழுதிய செய்திகள் மூன்றையும் ஈரம் படாத ஒரு பெட்டியில், ஒருவர் வீட்டில் அல்லாமல் இரண்டு பேர் வீட்டில் பிரதியாக வையுங்கள். வீட்டு அடையாளங்கள் உள்ள பக்கங்களைக் கிழித்து அழித்துவிடுங்கள். சந்துப் பொறுப்பாளர்களின் தொலைபேசிப் பட்டியலை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது வீடு மாறிப் போயிருந்தால், அந்தச் சந்தில் அவருக்குப் பதிலாக யார் என்று அன்றைக்கே போய்க் கேட்டு எழுதிவிட்டு வாருங்கள்.